காண்ட்ராக்டர் பேங்க்ரப்சி ஃபைல் பண்ணியது உண்மையா? கோர்ட் பதிவைத் தேடுவதும் படிப்பதும்

பனங்காடு எழுதியது:

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கான கேள்வி. சமையலறையைப் புதுப்பிக்க 9,000 டாலர் முன்பணம் வாங்கிக்கொண்ட காண்ட்ராக்டர் வேலையை ஆரம்பிக்கவே இல்லை. இப்போது "பேங்க்ரப்சி ஃபைல் பண்ணிட்டேன், இனி பணம் கேட்டு போன் பண்ணக் கூடாது" என்று ஒரு மெசேஜ் மட்டும். கேஸ் நம்பர் இல்லை, எந்த ஊர்க் கோர்ட் என்றும் இல்லை, தபாலில் நோட்டீஸும் வரவில்லை. கவுண்டி கோர்ட் தளத்தில் அவர் பெயர், கம்பெனி பெயர் இரண்டையும் போட்டுப் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை. அப்படியென்றால் பொய்யா? வேறு எங்கே தேடுவது, கிடைத்தால் எதைப் படிப்பது?

கணக்குப்பிள்ளை எழுதியது:

கவுண்டி தளத்தில் இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. திவால் மனு ஃபெடரல் கோர்ட்டில்தான் போட முடியும். கவுண்டி, ஸ்டேட் கோர்ட்டுகளுக்கு அந்த அதிகாரமே இல்லை. நாடு முழுக்க 94 ஃபெடரல் மாவட்டங்கள், அவற்றுக்கு 90 பேங்க்ரப்சி கோர்ட்டுகள். எல்லாப் பதிவும் பேசர் என்ற அரசுத் தளத்தில் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கலாம், வழக்கில் சம்பந்தப்பட்டிருக்க வேண்டியதில்லை. கிரெடிட் கார்டு கொடுத்துப் பதிந்தால் உடனே தேடலாம். கொடுக்காவிட்டால் ஆக்டிவேஷன் கோட் தபாலில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

உள்ளே போனதும் உங்கள் ஊர்க் கோர்ட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலில் நாடு முழுக்கத் தேடும் கேஸ் லொகேட்டர். தனிநபர் என்றால், மனுவுக்கு முந்தைய 180 நாளில் பெரும்பகுதி எங்கே குடியிருந்தாரோ அந்த மாவட்டத்தில் போட்டிருக்கலாம். கம்பெனி என்றால் அது பதிவான மாநிலத்திலும் போட வழி உண்டு. உங்கள் தெருவில் வேலை செய்கிற கம்பெனியின் வழக்கு டெலவேரில் நடப்பது அதிசயமில்லை. ஆனால் கேஸ் லொகேட்டர் தினம் ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும். நேற்று போட்ட மனு அதில் வராமல் இருக்கலாம். அந்தந்தக் கோர்ட்டின் சொந்தத் தேடலில் உடனே தெரியும்.

பெயரில்தான் பாதிப் பேர் சறுக்குவார்கள். கம்பெனி பெயரை முழுதாகப் போடாமல் முதல் ஓரிரு சொற்களை மட்டும் போடுங்கள், காற்புள்ளி, எல்.எல்.சி. (கம்பெனி வகையைக் குறிக்கும் சுருக்கம்), "அண்ட்" எல்லாம் ஒவ்வொரு மனுவில் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஆள் பெயர் என்றால் கூப்பிடுகிற பெயர் உதவாது, லைசன்ஸில் உள்ள பெயர் வேண்டும். நம்மவர்களைத் தேடினால் இன்னும் சிக்கல்: அப்பா பெயர் கடைசிப் பெயராகவும் இருக்கும், சொந்தப் பெயர் கடைசிப் பெயராகவும் இருக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் த-வுக்கு ஹெச் சேர்த்தும் சேர்க்காமலும் தேடுங்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தவர்களுக்கு முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று இருக்கவும் வாய்ப்புண்டு.

கிடைத்ததும் அது அவர்தானா என்று பாருங்கள். பொதுப் பதிவில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி 4 இலக்கம்தான் இருக்கும். அது உங்களிடம் இருக்காது, எனவே முகவரியை ஒப்பிடுங்கள். தனிநபர் மனுவின் தொடக்கத்திலேயே கடந்த 8 வருடத்தில் பயன்படுத்திய மற்றப் பெயர்களும் கேட்கப்பட்டிருக்கும். தொழில் பெயர் அங்கே அகப்படும்.

கட்டணம் பக்கத்துக்கு 10 சென்ட். ஒரு ஆவணம் எத்தனை பக்கமானாலும் 3 டாலருக்கு மேல் போகாது. பெயர்த் தேடலுக்கு இந்த உச்சவரம்பு கிடையாது, ஒன்றும் கிடைக்காத தேடலுக்கும் ஒரு பக்கக் காசு உண்டு. ஆனால் ஒரு காலாண்டில் 30 டாலரோ அதற்குக் குறைவோ ஆனால் மொத்தமும் தள்ளுபடி. ஒரே ஒரு வழக்கைப் பார்க்கிறவர்களுக்கு நடைமுறையில் இலவசம்தான்.

தாழம்பூ எழுதியது:

கணக்கே வேண்டாம் என்றால்: பேங்க்ரப்சி கோர்ட் கிளர்க் அலுவலகத்தில் பொதுக் கணினி இருக்கும், பார்ப்பது இலவசம், பிரிண்ட் பக்கத்துக்கு 10 சென்ட். வீட்டிலிருந்தே என்றால் 866-222-8029, பேங்க்ரப்சி கோர்ட்டுகளுக்கான இலவசத் தானியங்கி போன் சேவை. பெயர் அல்லது கேஸ் நம்பர் சொன்னால் சேப்டர் (எந்த வகைத் திவால் வழக்கு), மனு தேதி, வக்கீல், டிரஸ்டி (வழக்கைக் கவனிக்க நியமிக்கப்பட்டவர்), இப்போதைய நிலை வரை வாசித்துக் காட்டும். கோர்ட்லிஸனர் தளத்தில் ரீகேப் தொகுப்பையும் பாருங்கள்; முன்பு யாராவது காசு கட்டி எடுத்த ஆவணம் அங்கே சும்மா கிடைக்கும். சின்ன வழக்குகள் அதில் இருப்பது அரிது.

பேக்ரவுண்ட் செக் விற்கிற தனியார் தளங்களுக்குத் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். "பேங்க்ரப்சி: ஆம்" என்று போட்டிருப்பார்கள். மனு நிலுவையில் இருக்கிறதா, தள்ளுபடியானதா, கடன் அழிந்ததா என்று பெரும்பாலும் தெரியாது. உங்களுக்கு வேண்டியதே அந்த வேறுபாடுதான்.

வாய்தா எழுதியது:

படிக்கிற முறையைச் சொல்கிறேன்.

கேஸ் நம்பரின் முதல் இரண்டு இலக்கம் மனு போட்ட ஆண்டு, அடுத்த ஐந்து வரிசை எண். நடுவில் "பிகே" என்றால் மூல வழக்கு; "ஏபி" என்றால் அதற்குள் யாரோ ஒருவர் தொடுத்த தனி வழக்கு. சேப்டர் 7 என்றால் சொத்தை விற்றுப் பங்கிடுவது, 13 தனிநபர் தவணைத் திட்டம், 11 பெரும்பாலும் தொழிலைத் தொடர்ந்தபடி மறுசீரமைப்பு.

டாக்கெட் என்பது வழக்கில் நடந்ததெல்லாம் தேதிவாரியாகப் பதிவாகும் பட்டியல். ஆவணத்தைத் திறக்கும் முன் எத்தனை பக்கம், எவ்வளவு காசு என்று தளம் காட்டும். டாக்கெட் பட்டியலுக்கே பொதுவாக அப்படிக் காட்டாது, எனவே நீண்ட வழக்கில் தேதி வரம்பு கொடுத்து ஓட்டுங்கள். லிங்க் இல்லாத பதிவுகளும் உண்டு. சொத்து எதுவும் இல்லை என்ற டிரஸ்டியின் அறிக்கை பல சமயம் வெறும் எழுத்தாகவே இருக்கும், பிடிஎஃப் தேடி அலைய வேண்டாம்.

எல்லாவற்றையும் இறக்காதீர்கள். முதலில் நோட்டீஸ், அதாவது 309 என்று தொடங்கும் படிவம். சேப்டர், டிரஸ்டி பெயர், 341 கூட்டத் தேதி (கடனாளியிடம் டிரஸ்டியும் பணம் வர வேண்டியவர்களும் கேள்வி கேட்கும் கூட்டம்), கெடுக்கள் எல்லாம் அதில் இருக்கும். பிறகு ஷெட்யூல் ஈ/எஃப். அடமானமில்லாத கடன்காரர்கள், அதாவது பணம் வர வேண்டியவர்கள், அங்கேதான் வருவார்கள். உங்கள் பெயரும் தொகையும் இருக்கிறதா, "டிஸ்பியூட்டட்" (கடனை மறுக்கிறார்) கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சொத்து விவரத்துக்கு ஷெட்யூல் ஏ/பி. கடைசியாக ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபைனான்ஷியல் அஃபேர்ஸ்: மனுவுக்கு முன் யாருக்குப் பணம் கொடுத்தார், எதை யார் பெயருக்கு மாற்றினார் என்பது இதில்தான் வெளிவரும். அலுப்பூட்டும் படிவம், ஆனால் இருப்பதிலேயே உருப்படியானது. மனு போட்டு சில நாள்தான் ஆகிறது என்றால் இவை இல்லாமல் இருக்கலாம், ஷெட்யூல்களுக்கு 14 நாள் அவகாசம் உண்டு.

நிலையைக் குறிக்கும் சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். "டிஸ்சார்ஜ்ட்" என்றால் அழியத்தக்க கடன்கள் அழிந்தன. "டிஸ்மிஸ்ட்" என்றால் வழக்கு தள்ளுபடி, கடன் அப்படியே இருக்கிறது, வசூலிக்கலாம். "க்ளோஸ்ட்" என்பது கோப்பு மூடப்பட்டது என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாது. மேலே சொன்ன இரண்டில் எது நடந்தது என்று டாக்கெட்டில் பின்னோக்கிப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

தனிநபர் சேப்டர் 7-இல் இரண்டு கெடு முக்கியம். மோசடியால் வந்த கடன், அழியக் கூடாது என்று வழக்குப் போட, 341 கூட்டத்துக்கு முதலில் குறித்த தேதியிலிருந்து 60 நாள். கூட்டம் தள்ளிப்போனாலும் இந்தக் கெடு தள்ளிப்போகாது. இதில் ஏமாறுபவர்கள் நிறைய. கடனாளியே போட்ட மனுவில் ப்ரூஃப் ஆஃப் க்ளெய்ம் (எனக்கு இவ்வளவு வர வேண்டும் என்ற படிவம்) போட, மனு தேதியிலிருந்து 70 நாள். ஆனால் சொத்து இல்லாத வழக்கு என்றால் "இப்போது க்ளெய்ம் போட வேண்டாம்" என்று நோட்டீஸே சொல்லும். பிறகு சொத்து அகப்பட்டால் புது நோட்டீஸ் வரும், அது அனுப்பப்பட்ட தேதியிலிருந்து 90 நாள்.

வழக்கு உண்மை என்று தெரிந்த நிமிடத்திலிருந்து பணம் கேட்டு அவருக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள், ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்டுக்கும் போகாதீர்கள். ஆட்டோமேடிக் ஸ்டே, அதாவது வசூல் முயற்சிகளுக்குத் தானாக வரும் தடை, திவால் மனு போட்ட கணத்திலேயே அமலுக்கு வந்துவிடும். பதிவுகளைப் படிக்கத் தடையில்லை.

பனங்காடு எழுதியது:

மிக்க நன்றி. கேஸ் லொகேட்டரில் கிடைத்துவிட்டது, பக்கத்து மாநிலக் கோர்ட். சேப்டர் 7, மனு போன மாதம்தான். ஆனால் டெட்டர் (கடனாளி) என்ற இடத்தில் எல்.எல்.சி. பெயர் மட்டுமே, அவர் பெயர் இல்லை. படிவம் 309சி. கடன்காரர் பட்டியலில் நான் இல்லை. அவர் பெயரில் தனியாகத் தேடியும் வரவில்லை.

வாய்தா எழுதியது:

அப்படியானால் நிலைமை மாறுகிறது. 309சி என்பது தனிநபர் அல்லாதவரின் சேப்டர் 7, க்ளெய்ம் கெடு இன்னும் வைக்கப்படவில்லை என்று பொருள். சேப்டர் 7-இல் கம்பெனிக்கு டிஸ்சார்ஜ் கிடையாது, தனிநபருக்கு மட்டும்தான். வழக்கு முடிந்தபின் கடன் சட்டப்படி இருக்கும். கம்பெனிதான் காலிப் பெட்டியாக இருக்கும்.

இரண்டாவது, ஸ்டே பொதுவாக மனு போட்டவரைத்தான் காக்கும். ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்: கையெழுத்து எல்.எல்.சி. சார்பிலா, அவர் சொந்தப் பெயரிலா? காசோலை யார் பெயருக்கு? சொந்தப் பொறுப்பு இருக்கிறது என்றால், அல்லது அவரே பொய் சொல்லிப் பணம் வாங்கினார் என்றால், அவர் மேல் தனியாகப் போக வழி இருக்கலாம். அதற்கு முன் உள்ளூர் பேங்க்ரப்சி வக்கீலிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள், எல்லைக்கோடு மெல்லியது.

பட்டியலில் பெயர் இல்லாததால்தான் நோட்டீஸ் வரவில்லை. டிரஸ்டிக்கு ஒப்பந்த நகலோடு கடிதம் எழுதுங்கள், இனி வரும் நோட்டீஸ்களுக்கு உங்கள் முகவரியைச் சேர்க்கும்படி கிளர்க்குக்கும் எழுதுங்கள். டிரஸ்டிக்கு விவரம் தருவது ஸ்டேயை மீறுவதாகாது. முன்பணம் எங்கே போனது என்பது அவருக்கும் வேண்டிய விவரம்தான்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒன்று சேர்க்கிறேன். க்ளெய்ம் போடும் நாள் வந்தால் படிவம் 410, கட்டணம் கிடையாது, பல கோர்ட்டுகளில் பேசர் கணக்கு இல்லாமலே இணையத்தில் போடலாம். அதில் 12-ஆம் கேள்வியைத் தாண்டிவிடாதீர்கள். சொந்த வீட்டுத் தேவைக்காக ஒரு தனிநபர் கொடுத்து, பொருளோ வேலையோ கிடைக்காமல் போன முன்பணத்துக்கு முன்னுரிமை உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் போட்ட மனுக்களில் 3,800 டாலர் வரை. அதற்கு முந்தைய மூன்று ஆண்டு மனுக்களில் 3,350. உங்கள் 9,000-இல் அந்தப் பகுதி சாதாரணக் கடன்காரர்களுக்கு முன்னால் நிற்கும், மிச்சம் வரிசையின் கடைசியில். அந்தக் கட்டத்தில் டிக் போடாமல் விட்டால் மொத்தத் தொகையும் சாதாரணக் கடனாகவே பதிவாகும்.

தாழம்பூ எழுதியது:

காண்ட்ராக்டருக்கு லைசன்ஸ் இருந்தால் மாநில லைசன்ஸ் போர்டையும் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 2023 முதல் 25,000 டாலர் பாண்ட் (ஈட்டுறுதிப் பத்திரம்) கட்டாயம். மேரிலாண்ட், வர்ஜீனியா போன்ற இடங்களில் ஏமாந்த வீட்டுக்காரர்களுக்கென்றே நிதி இருக்கிறது. பாண்ட் கம்பெனியோ போர்டோ கேஸ் நம்பரைக் கேட்கும், சில சமயம் சான்றிட்ட நகலும் கேட்கும். பேசரில் இறக்கிய பிடிஎஃப் அதற்குச் செல்லாது, கிளர்க் அலுவலகத்தில் தனிக் கட்டணம் கட்டி வாங்க வேண்டும். டாக்கெட்டில் எந்த எண்ணுள்ள ஆவணம் என்று எழுதிக்கொண்டு போங்கள். "கேஸ் காப்பி வேண்டும்" என்று மட்டும் கேட்டால் முழுக் கோப்புக்கும் பக்கக் கணக்கில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.