எட்டாம் வகுப்புக் குடிமையியல்: எல்லாவற்றுக்கும் ‘கவர்மென்ட்’ என்றே பதில் வருகிறது

நடுநிலைப்பள்ளி டீச்சர் (ஜூலை 2025)

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் 6, 7, 8 மூன்றுக்கும் சமூக அறிவியல் நான்தான். வரலாறு கதையாகப் போய்விடும். புவியியலுக்குச் சுவரில் மாட்ட வரைபடமாவது இருக்கிறது. குடிமையியலைத் திறந்தால் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறார்கள்.

மனப்பாடத்தில் குறை இல்லை. ஆளுநருக்குக் குறைந்தபட்ச வயது 35, சட்டமன்ற உறுப்பினர்கள் 234, எல்லாம் டக்கென்று வரும். போன வாரம் எட்டாம் வகுப்பில், “உங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை, யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?” என்று கேட்டேன். மொத்த வகுப்பும் “கவர்மென்ட்!” எந்த கவர்மென்ட் என்றதும் ஒருத்தி கலெக்டர் என்றாள், ஒருவன் எம்.எல்.ஏ. என்றான். கடைசி பெஞ்சிலிருந்து, “எங்க சித்தப்பா கம்பத்துல ஏறி மாட்டிருவாரு மிஸ்.” நடைமுறைக்கு நெருக்கமான பதில் அதுதான், ஆனால் மதிப்பெண் போட முடியாதே!

இன்னொரு தலைவலி ஏழாம் வகுப்பு ‘அரசியல் கட்சிகள்’ பாடம். வீட்டில் அப்பா எந்தக் கட்சியோ அதன்படி வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. சின்னத்தைக் கரும்பலகையில் வரைந்தாலே விசில். ‘கலந்துரையாடுக’ என்று புத்தகம் சுலபமாகச் சொல்லிவிடுகிறது. நீங்களெல்லாம் எப்படி எடுக்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற வாத்தியார்

அந்தச் சித்தப்பாவை விட்டுவிடாதீர்கள் டீச்சர், அங்கேயே தொடங்கலாம். அவர் மாட்டிய பல்பு யார் வாங்கியது? ஊராட்சி. கம்பியில் வரும் மின்சாரம்? மின்வாரியம், அதாவது மாநில அரசின் நிறுவனம். தெருவிளக்குக்கான கரண்ட் பில்லைக் கட்டுவது? மறுபடி ஊராட்சி. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் வீட்டு வரி, மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம் என்று ஒரு பல்புக்குள்ளேயே மூன்று அரசும் வந்துவிடும்.

பள்ளியிலிருந்து வீடு வரை நடக்கும்போது கண்ணில் படுவதையெல்லாம் எழுதி வரச் சொல்லுங்கள். மறுநாள் ஒவ்வொன்றும் யாருடையது என்று பிரிக்கலாம். தபால் பெட்டி மத்திய அரசு. டவுன் பஸ் மாநில அரசு. மேல்நிலைத் தொட்டி ஊராட்சி. மைல்கல்லில் மஞ்சள் பட்டை இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ரேஷன் கடையில்தான் சண்டை வரும்: கடையைப் பெரும்பாலும் நடத்துவது கூட்டுறவுச் சங்கம், கார்டு கொடுப்பது மாநில அரசு, அரிசியில் ஒரு பங்கு மத்தியத் தொகுப்பிலிருந்து வருவது. அந்தச் சண்டை நடக்கட்டும், பாடமே அதுதான்.

கட்சி விஷயத்துக்கு வருகிறேன். நம் கிராமங்களில் வார்டு உறுப்பினருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் கட்சிச் சின்னமே கிடையாது. ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும்தான் உண்டு. அதனால் வகுப்புத் தேர்தலுக்குப் பூட்டு சாவி, சீப்பு என்று கொடுத்துவிடலாம், விசில் அடிக்க ஆளிருக்காது.

ஆனால் ஓட்டுப் போட்டு எண்ணுவதோடு முடிக்காதீர்கள். நான் பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தவன். விடியற்காலையில் வேட்பாளர்களின் ஏஜென்டுகள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும், குறைந்தது 50 ஓட்டு. எண்ணிக் காட்டி, அழித்து, சீல் வைத்து, அவர்களிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் நிஜ ஓட்டு. ஒருவரை ஒருவர் துளியும் நம்பாத இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவார்கள். இந்த இடத்தை நடித்துக் காட்டச் செய்தால் பிள்ளைகள் கண் விரியும். “இவன் அந்த ஆள் இல்லை சார்” என்று ஏஜென்ட் ஆட்சேபிக்கவும் வழி உண்டு, அதற்கு 2 ரூபாய் கட்ட வேண்டும். அந்த 2 ரூபாயை எங்கள் பள்ளிப் பிள்ளைகள் மறந்ததே இல்லை.

எண்ணிக்கைக்கு ஈரோடு பக்கத்து மொடக்குறிச்சியைச் சொல்லுங்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில் அந்த ஒரு தொகுதியில் 1,033 வேட்பாளர்கள். பெரும்பாலோர் விவசாயிகள், தங்கள் கோரிக்கையை யாரும் கேட்கவில்லை என்ற கோபத்தில் மனுப் போட்டவர்கள். வாக்குச்சீட்டு புத்தகம் மாதிரி ஆகி, தேர்தலையே தள்ளிவைத்தார்கள். அப்போது டெபாசிட் 250 ரூபாய். அந்த வருஷமே 5,000 ஆக்கினார்கள், இப்போது 10,000. டெபாசிட் திரும்பக் கிடைக்க செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். 1,20,000 ஓட்டு என்றால் எவ்வளவு? கணக்கு டீச்சரும் சந்தோஷப்படுவார். அப்புறம் கேளுங்கள்: டெபாசிட்டை ஏற்றியது சரியா? எட்டாம் வகுப்பு இரண்டு பக்கமும் நன்றாகப் பேசும், கட்சி வராது.

ஊராட்சிச் செயலர்

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று. ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றம் முடிந்ததும் எட்டாம் வகுப்பை கிராம சபைக்குக் கூட்டி வாருங்கள். வருஷத்தில் ஆறு நாள் நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உறுப்பினர்கள் வாக்காளர்கள்தான், ஆனால் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளையை யாரும் எழுப்பிவிட மாட்டார்கள்.

கோரம், அதாவது குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு ஒன்று உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் பாதி என்பதையும் பிள்ளைகள் பார்ப்பார்கள், பார்க்கட்டும். எத்தனை பெண்கள் வந்தார்கள், அதில் எத்தனை பேர் வாய் திறந்து பேசினார்கள் என்று நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடு என்று புத்தகத்தில் படித்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. திண்டுக்கல் உட்பட 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்துவிட்டது. அதன்பின் தலைவர் இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர் பார்க்கத் தொடங்கினார். பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243E பிரிவு சொல்கிறது. உள்ளாட்சிப் பாடம் எடுக்கும்போது “நம்ம ஊர் தலைவர் யார்?” என்று கேட்டால் என்ன பதில் வருகிறது பாருங்கள்.

மதுரை மேல்நிலைப்பள்ளி ஆசிரியை

பூட்டு சாவி, சீப்பு எல்லாம் சரி சார். ஆனால் சண்டை வராத விஷயமாகவே பொறுக்கி எடுத்தால் அது குடிமையியல் ஆகாது. எங்கள் மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்று ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996-லிருந்து பத்து வருஷம் முறையாக ஒரு தலைவர் பதவியில் இருக்க முடியவில்லை. மனுப் போட ஆள் வராது, வந்தாலும் ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்துவிடுவார். 2006 அக்டோபரில்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. சட்டம் இருக்கிறது, தேர்தல் ஆணையம் இருக்கிறது, அப்படியும் ஏன் நடக்கவில்லை? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி நன்றாகவே புரியும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். எந்தக் குழந்தையிடமும் “உங்கள் வீட்டில் எப்படி?” என்று கேட்கக் கூடாது. ஊரின் பெயரையும் ஆண்டையும் பலகையில் எழுதி, பேச்சை அங்கேயே நிறுத்துவேன். பக்கத்து ஊர் வேண்டாம், தூரத்து ஊராக எடுங்கள்.

ஒரு அம்மா

டீச்சர், எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் தலைவி. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர் என்று சட்டம், பாதிப் பேர் பெண்கள். தீர்மான நோட்டை வகுப்புக்கு எடுத்து வருகிறோம், எங்களைக் கூப்பிடலாமே. கழிவறைத் தண்ணீருக்கு யாருக்கு மனு எழுதினோம், எந்த ஆபீஸிலிருந்து எந்த ஆபீஸுக்கு அனுப்பினார்கள் என்று சொன்னாலே ஒரு பீரியட் ஓடிவிடும்.

நடுநிலைப்பள்ளி டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. நடை கணக்கெடுப்பை நாளைக்கே கொடுக்கிறேன். மொடக்குறிச்சி ஏழுக்கும் எட்டுக்கும் சேர்த்து. மதுரை மேடம் சொன்னதை இரண்டாம் பருவத்தில் வைத்துக்கொள்கிறேன், அதற்கு நான் இன்னும் படிக்க வேண்டும். அம்மா, எங்கள் பள்ளிக் குழுத் தலைவியிடமும் கேட்கிறேன். செயலர் சார், கிராம சபைக்குக் கூட்டி வர எழுத்தில் அனுமதி வேண்டுமா? எத்தனை மணிக்கு?

ஊராட்சிச் செயலர்

எங்களுக்கு எதுவும் வேண்டாம். தலைமையாசிரியருக்குச் சொல்லிவிட்டு, பெற்றோரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் 11 மணிக்குத் தொடங்குவோம், உங்கள் ஊரில் எப்போது என்று செயலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வரவு செலவு வாசிப்பது தொடக்கத்தில்தான், தாமதமாக வந்தால் போய்விடும். நாற்காலி போதாது, உட்கார ஆளுக்கொரு சாக்கோ பாயோ எடுத்து வரச் சொல்லுங்கள்.