புதுப்பிப்பு: கடலூர் சிப்காட்டில் தொட்டிக்குள் இறங்கும் வேலை

கடலூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் என் சித்தப்பா மகனை, நச்சு வாயு இருக்கிறதா என்று சோதிக்காமலேயே கழிவுத் தொட்டிக்குள் இறங்கச் சொல்கிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 36-ஆவது பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்லியிருந்தது. தகுதி பெற்ற ஒருவர் தாமே சோதித்து எழுத்துமூலம் சான்று தர வேண்டும்; இல்லையெனில், இறங்குபவர் சுவாசக் கருவியும் இடுப்புப் பட்டையும் அணிந்திருக்க, பட்டையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். "நீ கான்ட்ராக்ட் ஆளு, உனக்கு இதெல்லாம் கிடையாது" என்று மேஸ்திரி சொன்னது வெறும் மிரட்டல்தான். ஒப்பந்ததாரர் மூலம் வருபவரும் அச்சட்டப்படி தொழிலாளியே. அதை உள்வாங்கிக்கொண்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும், உயிருக்கு ஆபத்து என்று அஞ்சும் தொழிலாளி நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் ஒரே நேரத்தில் தெரிவிக்கும் உரிமை இருக்கிறது.

அதைக் காட்டித்தான் மனு எழுதினோம். இப்போது தொட்டியின் வாயருகே அனுமதிச் சீட்டு தொங்குகிறது. ஆக்சிஜன் அளவைப் பேனாவால் குறிக்கிறார்கள். கையொப்பமிடும் இடம் மட்டும் சில நாள்களில் காலியாகவே இருக்கிறதாம். எனக்கு அதுதான் உறுத்துகிறது. அடுத்த மனு அதைப் பற்றியதே.