மூன்றாம் தளத்திலிருந்து தெரிகிற எங்கள் ஊர்

தென்காசிக்கும் இலஞ்சிக்கும் நடுவே, எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, கட்டி முடிக்காத கட்டடம் ஒன்று நிற்கிறது. தரைத்தளம், அதற்கு மேல் மூன்று தளங்கள். தூண், பீம், தளம், படிக்கட்டு எல்லாம் போட்டாயிற்று. சுவர் மட்டும் எழும்பவில்லை. கீழே கடைகள், மேலே வாடகை வீடுகள் என்பது திட்டம். சொந்தக்காரர் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர். கொரோனா காலத்தில் நின்றுபோன வேலை, இன்னும் மறுபடி தொடங்கவில்லை. சுற்றிலும் ஒற்றை மாடி வீடுகள், தென்னந்தோப்புகள், அதைத் தாண்டினால் வயல்தான். அதனால் அந்த மூன்றாம் தளத்தில் ஏறி நின்றால் நாலு திசையும் திறந்து கிடக்கும்.

நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடிப் பக்கம். உப்பளம், உடைமரம், தட்டையான நிலம். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு மலை தினமும் கண்ணில் பட்டாலும், தெருவில் நின்று பார்க்கையில் ஏதாவது ஒரு கூரையோ போஸ்ட் கம்பமோ குறுக்கே வந்துவிடும். மலையின் உச்சி மட்டும்தான் தெரியும். அது எங்கே தொடங்கி எங்கே தாழ்கிறது, அதற்கும் எங்கள் வயல்களுக்கும் என்ன உறவு என்பதெல்லாம் இந்தக் கட்டடத்தில் ஏறிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சும்மா ஏறிவிடவில்லை. சொந்தக்காரரை என் கணவருக்குத் தெரியும். போனில் கேட்டோம், "தாராளமா போய்ப் பாருங்க" என்றார். காவலுக்கு ஒரு அண்ணாச்சி, மீதமான கம்பிக் கட்டுகளோடு தகரக் கொட்டகையில் இருக்கிறார். அவர் சம்மதிப்பதுதான் கடினமாக இருந்தது. "டீச்சரம்மா, பிள்ளைகளைக் கூட்டிட்டு வரக்கூடாது. ஓரத்துக்குப் போகக்கூடாது. இருட்டுமுன்னே இறங்கிரணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். மூன்றையும் இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். லிஃப்ட்டுக்கு விட்ட குழியைப் பலகை போட்டு மூடி, மேலே கல் வைத்தவர் அவர். தளத்தின் விளிம்பிலிருந்து நாலடி உள்ளே ஒரு நைலான் கயிறு கட்டியிருக்கிறார். கைப்பிடிச் சுவர் இல்லாத இடத்தில் அந்தக் கயிறுதான் எல்லை.

இனி காட்சி. தென்மேற்கே திரிகூடமலை, குற்றாலத்துக்குப் பின்னால் எழும்பி நிற்கும். அங்கிருந்து வடக்கே பார்வையை நகர்த்தினால் மலை மெல்லத் தாழ்ந்து செங்கோட்டைப் பக்கம் ஒரு வாய் திறக்கிறது. ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குப் போகிற கணவாய் அதுதான். தென்மேற்குப் பருவக்காற்று மற்ற பல இடங்களில் மலையில் மோதி, கேரளப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும். இங்கே கணவாய் இருப்பதால் ஈரத்தோடு உள்ளே நுழைந்துவிடுகிறது. ஜூன், ஜூலையில் தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெயிலில் காய, தென்காசிப் பக்கம் நனைகிற காரணத்தை வகுப்பில் கரும்பலகையில் படம் வரைந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது நடப்பதைக் கண்ணால் பார்த்தது இந்தத் தளத்தில்தான். முதலில் செங்கோட்டைப் பக்கத் தென்னைகள் மங்கும். அப்புறம் அதற்கு இந்தப் பக்கம் உள்ள வயல்கள் ஒவ்வொன்றாக மறையும். காற்றின் சத்தம் மாறும். சாரல் நம்மேல் படுகிற வரை அது நடந்து வருவதை முழுக்கப் பார்க்கலாம். பத்து நிமிடத்தில் கடந்தும் போய்விடும். மாலை வெயிலும் சாரலும் சேர்ந்து அடிக்கிற சமயத்தில் கிழக்கே வானவில் கிட்டத்தட்ட உறுதி.

பலத்த மழைக்கு மறுநாள் காலை வானம் வெளுத்தால் மலைச்சரிவில் வெள்ளைக் கோடுகள் தெரியும். பெயருள்ள அருவிகள் சில. மீதி எல்லாம் இரண்டு மூன்று நாள் ஓடி நின்றுபோகிற ஓடைகள். எனக்கு அவற்றைத்தான் பிடிக்கும்.

கிழக்கே காசி விசுவநாதர் கோயிலின் 178 அடி ராஜகோபுரம். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியர் எழுப்பிய கோயில். கோபுரம் இடையில் சிதைந்து, பல காலம் மொட்டையாகவே நின்று, 1990ல்தான் மறுபடி முழுமை பெற்றது. காவல்கார அண்ணாச்சிக்கு அந்த மொட்டைக் கோபுரம் நன்றாக நினைவிருக்கிறது. "நாங்க சின்னப் பிள்ளைல பாத்த கோபுரம் வேற, இது வேற" என்பார். அந்தக் காலத்தில் வெளியூரிலிருந்து திரும்புகையில் கோபுரத்தைப் பார்த்து ஊர் வந்துவிட்டதென்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் இருந்ததாம். வானம் தெளிந்த நாளில் கோபுரத்தையும் தாண்டி அடிவானத்தில் காற்றாலைகள் சுற்றுவது தெரியும். கணவாய் வழியாக வருகிற அதே காற்றுதான் அவற்றையும் சுற்றுகிறது.

வடக்கே செங்கோட்டை ரயில் பாதை. கேரளத்துக்குப் போகிற அந்தப் பாதை 1904ல் மீட்டர் கேஜில் திறந்தது. மலைக்குள் அகலப்பாதையாக மாற்றி முழுமையாகத் திறந்தது 2018ல். அந்தி சாயும் நேரத்தில் செங்கோட்டையிலிருந்து சென்னைக்குக் கிளம்பி வருகிற பொதிகை எக்ஸ்பிரஸ் வயல்களுக்கு அப்பால் விளக்குகளோடு போவதைப் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலும் கீழே இறங்குவேன்.

அங்கே நான் சந்தித்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிலும் குறிப்பாக ஒரு பெரியவரை.

எழுபதைத் தாண்டிய வயது. கட்டடத்துக்கு மேற்கே உள்ள வயலில் பாதி அவருடையது. ஒரு நாள் ஆட்டைத் தேடி வந்தவரிடம் அண்ணாச்சி, "மேல ஏறிப் பாரும், தெரியும்" என்று அனுப்பிவிட்டார். ஆடு தெரிந்தது. ஆனால் பெரியவர் இறங்கவில்லை. "ஏம்மா, அந்த வளைஞ்சு கெடக்கே, அது எங்க வரப்பா?" என்று என்னிடம் கேட்டார். வாழ்நாள் முழுக்க அந்த வரப்பில் நடந்தவர், அது நேராக இருப்பதாகவே நினைத்திருக்கிறார். மேலிருந்து பார்த்தால் நன்றாக வளைந்திருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே காரணத்தையும் சொன்னார். அந்த இடத்தில் நிலம் லேசாக இறங்குகிறதாம். தண்ணீர் நிற்கிற மட்டத்துக்கு ஏற்ப அவருடைய தாத்தா காலத்தில் வரப்பு போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் அவர் கையை நீட்டி நீட்டிச் சொல்லச் சொல்ல, நான் வெறும் பச்சையாகப் பார்த்துக்கொண்டிருந்த இடமெல்லாம் பிரிந்து பிரிந்து தெரிய ஆரம்பித்தது. குற்றால மலையில் பிறக்கிற சிற்றாறு அதோ அந்தத் தென்னை வரிசைக்குள் ஓடுகிறது. ஆற்றில் குறுக்கே அணைக்கட்டு. அங்கிருந்து கால்வாய் பிரிந்து மேலக்குளத்துக்கு வருகிறது. மேலக்குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்கு. அது நிறைந்தால் அதற்கும் கீழே உள்ளதற்கு. குளத்துக்குக் குளம் மடைகள். எந்த மடையை முதலில் திறப்பது, கடைமடை வயலுக்கு எத்தனை நாள் கழித்துத் தண்ணீர் எட்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இத்தனையும் போக மீதமுள்ள தண்ணீர்தான் சிற்றாற்றோடு போய் சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேருகிறது. நான் குடியிருக்கிற தெருவும் ஒரு காலத்தில் இரண்டாவது குளத்தின் பாசன நிலமாக இருந்ததை அன்றைக்குத்தான் அறிந்தேன். எங்கள் தெருக்கோடியில் மழைக்குத் தண்ணீர் தேங்குகிற இடத்தில் பழைய வாய்க்கால் ஒன்று ஓடியதாம். மேலிருந்து பார்த்தால் அதன் தடம் இன்னும் தெரிகிறது. இந்தப் பக்கம் பாதி வாய்க்கால் புதருக்குள், அந்தப் பக்கம் மீதி, நடுவே எங்கள் வீடுகள்.

வடகிழக்கு மூலையில் மஞ்சள் கல் நட்டுப் பிளாட் போட்ட இடத்தையும் காட்டினார். அதில் ஒரு பகுதி அவர் விற்றது. மகள் கல்யாணத்துக்கு. அதைப் பற்றி அவர் வேறெதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கல்யாணத்தைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? ஆனால் அந்தப் பிளாட்டுக்காக மண் அடித்து வாய்க்காலை மூடியிருப்பது மேலிருந்து பார்க்கிற யாருக்கும் புரியும். ஒரு மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுப்பதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவர்கள் பக்கத்தில் உயரமான ஓர் இடத்தில் ஏறி நின்று பார்த்தால் போதும் என்று நான் மனதார நம்புகிறேன்.

இரண்டாம் தளத்தில் மூன்று பையன்கள் பாய் விரித்து குரூப் 4 தேர்வுக்குப் படிப்பார்கள். வீட்டில் இடமில்லை, மின்விசிறி தேவைப்படாத காற்று, தொந்தரவு இல்லை. அவர்களில் ஒருவன் கல்லூரிக் காலத்தில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போனவன். 2011 முதல் ஜனவரிதோறும் இந்த வட்டாரக் குளங்களில் நடக்கிற கணக்கெடுப்பு அது. அவன் தயவில் நத்தைக்குத்தி நாரையையும் அரிவாள் மூக்கனையும் பறக்கும்போதே பிரித்தறியக் கற்றேன். தூண்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற கம்பிகளில் பஞ்சுருட்டான்கள் உட்கார்ந்து தும்பி பிடிக்கும். குளிர்காலத்தில் தகைவிலான்களும் வரும். பிசான நெல் அறுப்பு நடக்கும் மாசி மாதத்தில் அறுப்பு மெஷினுக்குப் பின்னாலேயே கொக்குக் கூட்டம் நடந்து போகும். அறுத்து முடிந்ததும் கீதாரிகள் வந்து வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள்.

அந்தக் கம்பிகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் கொத்தனாரையும் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர் அனுப்பி அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். வேலை நிற்கிற நாட்களில் கம்பி துருப்பிடித்துவிடாமல் இருக்க சிமெண்ட் பால் அடிப்பார். தளம் போட்ட புதிதில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்களே, அந்த வேலையில் பாதியை சாரலே செய்துவிட்டதென்று அவருக்கு ஒரே சந்தோஷம். நான் மலையைப் பார்க்கிறேன், அவர் திரும்பி நின்று தளத்தின் அடிப்பக்கத்தில் எங்காவது ஈரம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார். அவருடைய தொழில் மேல் அவருக்கு இருக்கிற அக்கறை எனக்கு மிகவும் பிடித்தது.

இப்படி ஓர் இடம் உங்கள் பக்கத்தில் இருந்து, ஏறிப் பார்க்க ஆசைப்பட்டால், முதலில் சொந்தக்காரரிடமோ காவல்காரரிடமோ கேளுங்கள். திறந்து கிடக்கிறது என்பதற்காக நுழையாதீர்கள். தனியாகப் போகாதீர்கள், செருப்புக்குப் பதில் ஷூ போடுங்கள். ஆணியோடு கிடக்கிற சென்ட்ரிங் பலகையும், ஜல்லிக் குவியலில் சுருண்டு கிடக்கும் பாம்பும்தான் எங்கள் பக்கத்தில் அதிகம். தேன்கூடு தொங்குகிறதா என்று படிக்கட்டில் நின்றே அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள். சாரல் அடிக்கும்போது ஈரத் தளம் வழுக்கும். இடி இடித்தால் உடனே இறங்கிவிட வேண்டும். என்னைக் கேட்டால் கார் பருவ நெல் நடவு நடக்கிற ஜூன், ஜூலையும், குளங்கள் நிறைந்து மறுகால் பாய்கிற நவம்பர் கடைசியும்தான் இங்கே பார்க்கச் சிறந்த மாதங்கள். டிசம்பரில் சூரியன் திரிகூடமலைக்குப் பின்னால் சீக்கிரம் போய்விடும். ஜூன் நெருங்க நெருங்க அது வடக்கே நகர்ந்து கணவாயில் இறங்கும். ஆனால் அந்த மாதத்தில் மேகம் விலகினால்தான் உண்டு.

போன மாதம் சொந்தக்காரர் விடுமுறையில் வந்திருந்தார். கட்ட ஆரம்பித்ததிலிருந்து அவர் மூன்றாம் தளத்தில் ஏறி நின்றதே இல்லையாம். போட்டோவிலும் வீடியோவிலும் பார்த்ததுதான். மேற்கே திரும்பி நின்று வெகுநேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் பிளானை எடுத்துக் காட்டினார். மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல்கூட இல்லை. வேலை மறுபடி தொடங்கப்போகிறது, மூன்று மாதத்தில் சுவர் எழும்பிவிடும். "அக்கா, இந்தப் பக்கம் பெருசா ஒரு ஜன்னல் வெச்சா என்ன?" என்று அவராகவே கேட்டார். வையுங்கள் என்று நானும் வற்புறுத்தினேன். அதில் வாடகைக்கு வரப்போகிறவர்கள் தினமும் அந்த மலையையும் குளங்களையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கொத்தனார் ஒப்புக்கொள்ளவில்லை. மேற்கே ஜன்னல் வைத்தால் சாரல் நேராக அடிக்கும், சட்டத்தைச் சுற்றி ஓதம் ஏறும், இரண்டே வருடத்தில் பூச்சு உதிரும் என்கிறார். அவர் சொல்வதும் உண்மை. எங்கள் வீட்டு மேற்குச் சுவரே அதற்குச் சாட்சி.

அதனால் இலஞ்சி, குற்றாலம், செங்கோட்டை, புளியரைப் பக்கம் வீடு கட்டியவர்கள் இதைப் படித்தால் சொல்லுங்கள். மேற்கே பெரிய ஜன்னல் வைத்திருக்கிறீர்களா? சன்ஷேடு எத்தனை அடி நீட்டினீர்கள்? மரச்சட்டமா, யு.பி.வி.சி.யா? சாரல் மாதங்களில் தண்ணீர் உள்ளே வருகிறதா? சுவர் வேலை அடுத்த மாதம் தொடங்குகிறது. அதற்குள் தெரிந்தால் கொத்தனாரிடம் பேசிப் பார்ப்பேன்.