பயாஸ் திரையிலேயே பச்சைப் புள்ளிகள்: கிராபிக்ஸ் கார்டா, கேபிளா?

கேள்வி (ஏற்காடு): கம்ப்யூட்டரை ஆன் பண்ணதுமே, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற பயாஸ் திரையிலேயே பச்சைப் புள்ளி, செங்குத்துக் கோடு. கிராபிக்ஸ் கார்டோட டிரைவர் சாஃப்ட்வேரை மாத்தியும் போகலை.

பதில் (சேலம்): விண்டோஸுக்கு முன்னாடியே வந்தா டிரைவர் குற்றமில்லைங்க. முதல்ல கேபிளை மாத்துங்க. அப்புறம் கார்டைக் கழட்டிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டு எச்டிஎம்ஐயில செருகுங்க. பிராசசர்ல உள் கிராபிக்ஸ் இருந்தாத்தான் படம் வரும்.

இன்னொரு பதில்: மலை மேல ஈரம் ஜாஸ்தி, கார்டு செருகுற ஸ்லாட்டையும் பாருங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு, கார்டோட தங்க நிறப் பற்களை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைங்க. காஞ்சதும் 'டக்'னு பூட்டு விழும்வரை அழுத்துங்க.

கேட்டவர்: துடைச்சாச்சு. உள் கிராபிக்ஸ்ல சுத்தம். கார்டுல அதே புள்ளி, சம இடைவெளியில.

பதில் (சேலம்): அப்போ பெரும்பாலும் கார்டோட மெமரி சிப்தான். கார்டை அடுப்புல சுட்டுச் சரிபண்ற வீடியோவை நம்பாதீங்க, கெபாசிட்டர் வெடிக்கும். வாரண்டி இருந்தா கூலர் ஸ்க்ரூவைத் தொடவே தொடாதீங்க. இல்லைன்னா பிஜிஏ ரீவொர்க் மெஷின் (சிப்பைச் சூடாக்கிக் கழட்டி மறுபடி சால்டர் பண்ற மெஷின்) வச்சிருக்கிற கடைக்குக் கொண்டுபோங்க.