ஓடை மீனுக்கு ஏர் பம்ப் வேண்டுமா, வேண்டாமா?

கெடிலக்கரை:
"வாய்க்காலில் பிடித்து வீட்டுத் தொட்டியில் விட்ட மீனுக்கு, தண்ணீரில் காற்றுக் குமிழி விடுகிற ஏர் பம்ப் எல்லாம் தண்டச் செலவு, ஓடையில் யார் பம்ப் வைத்தார்கள்" என்று பாகூரான் நேற்று எழுதியிருக்கிறார். இதை நம்பி எத்தனை பேர் மீனைச் சாகடிக்கப் போகிறார்களோ. ஓடைத் தண்ணீர் கல்லில் மோதி, மதகில் விழுந்து, காற்றோடு கலந்துகொண்டே ஓடுகிறது. உங்கள் தொட்டி கூடத்து மூலையில் அசையாமல் நிற்கிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் 8 மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சு கூடுதலாக வேண்டும், தண்ணீரிலோ குறைந்துகொண்டே போகும். நம் ஊர் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் எவ்வளவு சுடும் என்று கையை விட்டுப் பாருங்கள்.

பாகூரான்:
அண்ணன் வாத்தியார் வேலையை விடமாட்டார் போல. பங்காரு வாய்க்காலில் துண்டு போட்டுப் பிடித்த கெண்டையும் அயிரையும் பம்ப் இல்லாமல்தான் என் வீட்டில் இருக்கின்றன. குறவையும் இருக்கிறது. கணக்கு உங்களிடம், மீன் என்னிடம்.

கெடிலக்கரை:
குறவையை இதில் சேர்க்காதீர்கள். குறவை, விரால், பனையேறிக் கெண்டை எல்லாம் மேலே வந்து காற்றை நேரடியாகக் குடிக்கிற மீன்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி இறுக்கி மூடினால் அவை தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். அயிரைக்கும் ஒரு வழி உண்டு. மணலில் கண் மட்டும் தெரியப் புதைந்து கிடக்கும், திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். அந்தக் காற்றிலிருந்து குடலாலேயே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அது அடிக்கடி மேலே ஓடினால் தண்ணீரில் மூச்சு இல்லை என்று அர்த்தம். கெண்டைக்கு இந்த வசதியே கிடையாது. அது செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டு மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பார்த்து "பசிக்கிறது" என்று தீனி போடுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

பாசிக்குளம்:
வாய்க்காலில் இருந்தே ஹைட்ரில்லாப் பாசி நாலு கொத்து பிடுங்கிப் போட்டால் முடிந்தது. பாசியே ஆக்சிஜன் கொடுக்கும்.

கெடிலக்கரை:
வெளிச்சம் இருக்கும்போது கொடுக்கும். விளக்கை அணைத்தால் பாசியும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும். இரவுக்கு என்ன செய்வீர்கள்? பம்ப் வேண்டும்.

கண்ணாடித்தம்பி:
அண்ணா, ஒரு திருத்தம். குமிழியிலிருந்து கரையும் ஆக்சிஜன் சொற்பம். குமிழி மேலே வந்து தண்ணீரின் மேல்மட்டத்தைக் கலைப்பதால்தான் காற்று கலக்கிறது. தண்ணீரை வடிகட்டுகிற ஃபில்டர் தண்ணீரை வெளியே விடும் வாயை மேல்மட்டத்துக்குத் திருப்பி வைத்தாலே போதும். ஆக, பம்ப் கட்டாயமில்லை.

பாகூரான்:
கேட்டுக்கொள்ளுங்கள்! பம்ப் கட்டாயமில்லை!

கெடிலக்கரை:
தம்பி, ஃபில்டரையும் மோட்டார்தானே ஓட்டுகிறது? அவர் தொட்டியில் ஃபில்டரே இல்லை. நீங்கள் பாதி சொல்வீர்கள், அவர் அதில் பாதியை எடுத்துக்கொண்டு குதிப்பார். போன வருஷமும் இதே கதைதான். பெரிதாகிவிட்ட சக்கர் மீனை "ஆற்றில் விட்டுவிடலாம்" என்று ஒருவருக்கு யோசனை சொன்னீர்கள். தென்னமெரிக்க மீனைக் கொண்டுபோய்த் தென்பெண்ணையில் விடுவதா? எனக்கு மறக்கவில்லை.

கண்ணாடித்தம்பி:
அதற்கும் பம்ப்புக்கும் என்ன சம்பந்தம்? எப்போது பேசினாலும் சக்கர் மீன், சக்கர் மீன். நான் சொன்னது அறிவியல்.

மஞ்சக்குப்பம் அக்கா:
சம்பந்தம் இருக்கிறது தம்பி. ஆசைக்கு ஓடையில் பிடிப்பது, அலுத்துப்போனால் திரும்ப ஓடையில் கொட்டுவது. கடை மீனோடு ஒரே தொட்டியில் இருந்த மீன் வெள்ளைப்புள்ளி நோயையும் ஊசிப்புழுவையும் ஆற்றுக்குக் கொண்டுபோகும். பிடித்து வருகிற மீனிலும் பேன் இருக்கும். தனித்தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்க்காமல் நேரே பெரிய தொட்டியில் விடுகிறவர்களை என்ன சொல்வது?

பாகூரான்:
அக்கா, எங்கள் ஏரியில் ஏற்கெனவே வெளிநாட்டு மீனான ஜிலேபிக் கெண்டைதான் பாதி. அதை நானா விட்டேன்? பேச்சை மாற்றாதீர்கள். கடலூர்க்காரர்களுக்கு ஒரு கேள்வி. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்த பிறகு எத்தனை நாள் கரண்ட் இல்லை? அப்போது உங்கள் பம்ப் என்ன செய்தது? கரண்ட்டை நம்பி வாழ்கிற மீன் உங்களுடையது. என்னுடையது வாய்க்காலில் பிறந்தது, தாங்கும்.

கெடிலக்கரை:
தானே சமயத்தில் எங்கள் வீட்டில் மாற்றி மாற்றி உட்கார்ந்து, சொம்பில் தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து தொட்டியிலேயே திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தோம். அதனால் பிழைத்தன. இன்றைக்கு பேட்டரி பம்ப் கிடைக்கிறது. நீங்கள் சொல்வது எனக்குத்தான் சாதகம்: கரண்ட் போனால் மீன் திணறுகிறது என்றால் பம்ப் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? வாய்க்காலில் பிறந்தது என்பதற்காக நின்ற தண்ணீரில் தாங்க வேண்டும் என்று எந்த நியாயம்? வாய்க்கால் மீனுக்குப் பழக்கம் ஓடுகிற தண்ணீர். அது கழிக்கிற அம்மோனியாவை ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். உங்கள் தொட்டியில் அந்த விஷம் அங்கேயே தங்கும். அதைத் தின்கிற பாக்டீரியா புதுத் தொட்டியில் நிலைபெற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். பம்ப் வேண்டும், பம்ப் வேண்டும், பம்ப் வேண்டும்.

பாசிக்குளம்:
ஊசுட்டேரியில் அழகழகான கெண்டை இருக்கிறதாம். யாராவது வருகிறீர்களா?

மஞ்சக்குப்பம் அக்கா:
அது பறவைகள் சரணாலயம். அங்கே வலை போட்டால் வனத்துறையிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கொக்குக்கும் நாரைக்கும் உரிய மீன் அது.

பாசிக்குளம்:
சும்மா கேட்டேன், அதற்குள் வனத்துறையா? எல்லோரும் இங்கே அதிகாரி ஆகிவிட்டீர்கள்.

கெடிலக்கரை:
பாகூரானுக்கு ஒன்றே ஒன்று. இரவெல்லாம் பாசியும் மீனும் இழுத்த பிறகு விடியற்காலையில்தான் தொட்டியில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். விடிவதற்கு முன்னால் எழுந்து, விளக்கு போடாமல் டார்ச் அடித்து, உங்கள் கெண்டை எங்கே நிற்கிறது என்று படம் எடுத்துப் போடுங்கள்.

பாகூரான்:
என் வீட்டுத் தொட்டியை நான் எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும் என்று கடலூரிலிருந்து உத்தரவு வேறா? படம் போட முடியாது. நேரில் வந்து பாருங்கள், டீ தருகிறேன்.

கெடிலக்கரை:
வருகிறேன். பம்ப்போடு வருகிறேன்.

கண்ணாடித்தம்பி:
பம்ப் இல்லை அண்ணா, ஃபில்டர். மேல்மட்டம் கலைந்தால் போதும் என்று எத்தனை தடவைதான் சொல்வது?