வகைமயக்கம்: கொரியச் சிறுவர் படங்களை முன்வைத்து ஒரு சொல்

வணக்கம் நண்பர்களே,

பல கதைவகைகள் (genre) ஒன்றாகக் கலந்த படங்களை நம் கலைச்சொற்பட்டியலில் எப்படி அழைப்பது என்பதுதான் கேள்வி. ‘கலப்பினப் படம்’ வேண்டாம் என்பேன். கலப்பினம் என்றதும் பசுவும் விதைநெல்லும்தான் நினைவுக்கு வரும். ‘கதம்பப் படம்’ கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கதம்பத்தில் மல்லி வேறு, மரு வேறு என்று தெரியும். நாம் பேசும் படங்களில் அப்படிப் பிரிக்க முடியாது.

தென்கொரியாவில் 1978இல் கிம் சோங்-கி இயக்கிய ‘தளபதி தோரி’ என்ற அசைவூட்டப் படத்தை எடுத்துக்கொள்வோம். கும்காங் மலைக்காட்டில் விலங்குகளோடு வளரும் சிறுவனின் கதை. அந்த அளவில் டார்ஜான் பாணிச் சாகசம். வடகொரியப் படையினர் ஓநாய்களாக வருகிறார்கள். ஆக விலங்குக் கதை, போர்ப்படமும்கூட. கடைசியில் வடகொரியத் தலைவரின் முகமூடி கழன்று உள்ளேயிருந்து சிவப்புப் பன்றி வெளிப்படுகிறது. அதுவரை பிள்ளைகள் சிரித்து ரசித்தது முழுவதும் அந்த இடத்தில் அன்றைய தென்கொரிய அதிபர் பார்க் சுங்-ஹீ ஆட்சியின் கம்யூனிச எதிர்ப்புப் பாடமாகிவிடுகிறது. பரப்புரை மேலே ஒட்டப்பட்டதல்ல, விலங்குக் கதையே பரப்புரை. அதே இயக்குநரின் ‘ரோபோ தேக்வொன் வி’யில் (1976) எந்திர மனிதப் படமும் தேக்வொண்டோ விளையாட்டுப் படமும் இதே போல ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிட்டன.

இதற்குத் தொல்காப்பியத்திலேயே வழி இருக்கிறது: திணைமயக்கம். ‘உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே’ என்கிறது அகத்திணையியல். அதாவது, ஒரு திணைக்கே உரிய மைய உணர்வான உரிப்பொருளைத் தவிர மற்றவை பிற திணைகளோடு கலக்கலாம். இந்தப் படங்களிலும் அதுதானே நடக்கிறது? காடு, விலங்கு, போர், வேடிக்கை எல்லாம் மயங்குகின்றன. ‘எதிரி இவன்தான்’ என்ற உரி மட்டும் மயங்குவதே இல்லை. ஆகவே ‘வகைமயக்கம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

மயக்கம் என்றால் தலைசுற்றல் ஆகிவிடாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேற்றுமை மயக்கம், மெய்ம்மயக்கம் என்று பள்ளியிலேயே படிக்கிறோம், பழகிவிடும்.

பரப்புரை என்ற பொருளைச் சொல்லுக்குள்ளேயே அடைக்க வேண்டும் என்ற யோசனையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வகைமயக்கம் ஓர் உத்தி; யார் வேண்டுமானாலும் கையாளலாம். வடகொரியாவில் 1977இல் தொடங்கிய ‘அணிலும் முள்ளெலியும்’ தொடர் விலங்குக் கதையையும் உளவுக் கதையையும் மயக்கி, எதிர்த்திசையில் அதே வேலையைச் செய்தது. பரப்புரை இல்லாத படங்களிலும் இந்த உத்தி உண்டு. தேவைப்படும் இடத்தில் ‘வகைமயக்கப் பரப்புரை’ என்று அடைகொடுத்துச் சொன்னால் போதும்.

அப்புறம், 1986இல் வந்த தென்கொரியச் சிறுவர் படம் ‘உரேமே’யை இந்தத் தலைப்பில் சேர்க்க வேண்டாம். அதில் நடிகர்கள் நடித்த காட்சிகளும் அசைவூட்டச் சித்திரங்களும் கலக்கின்றன. அது ஊடகக் கலப்பு. அதற்குத் தனிச்சொல் வேண்டும்.

சொற்பட்டியலுக்கு என் வரைவு: ‘வகைமயக்கம் – ஒரே படைப்பில் பல வகைகளின் இயல்புகள் பிரிக்க முடியாதபடி இணைதல்’. ‘வகை’ போதுமா, ‘வகைமை’ வேண்டுமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.