ஆயில் மூடியின் அடியில் ஒட்டும் வெண்மைக்கு ஒரு கலைச்சொல் வேண்டும்

கிருஷ்ணகிரியிலிருந்து, டீசல் மெக்கானிக் பயிற்றுநர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வரும் திங்கட்கிழமைக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும். லாரி ஓட்டுநர்களுக்கான குளிர்காலப் பராமரிப்புக் கையேடு அன்று அச்சகத்துக்குப் போகிறது. மற்றப் பக்கங்களின் தமிழாக்கம் முடிந்துவிட்டது. ஒரு பத்தி மட்டும் பெயரில்லாமல் நிற்கிறது.

மார்கழி, தை மாதங்களில் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இரவெல்லாம் பனியில் நின்ற லாரியின் எஞ்சின் ஆயில் மூடியைக் காலையில் திறந்தால், அதன் உட்புறத்தில் வெண்மையும் இளமஞ்சளும் கலந்து, வெண்ணெய்போல் வழுக்கும் ஒரு பூச்சு இருக்கும். டீசல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது; ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் பிறக்கும் நீரும் ஏறத்தாழ ஒரு லிட்டர். அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாக வெளியேறிவிடுகிறது. பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே கசியும் வாயுவோடு வந்த சிறுபகுதி மட்டும் எஞ்சினுக்குள் தங்கி, உச்சியில் குளிர்ந்து கிடக்கும் மூடியில் பட்டு நீராகி, அங்கே தெறித்திருக்கும் ஆயிலோடு நுண்துளிகளாகக் கலந்து வெளுத்துப்போகிறது. மண்டிக்கும் வீட்டுக்குமாக நாலைந்து கிலோமீட்டர் ஓடும் வண்டிகளில் இது மிகுதி. சேலத்திலிருந்து சுமையோடு தொப்பூர்க் கணவாய் ஏறிவரும் வண்டியில் ஆயில் நன்றாகச் சூடேறி நீர் ஆவியாகிவிடுவதால் இது தங்குவதில்லை.

இடர் என்னவென்றால், எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு (ஹெட் கேஸ்கட்) பழுதாகியோ ஆயில் கூலர் ஓட்டையாகியோ, எஞ்சினைக் குளிர்விக்கும் நீரான கூலண்ட் ஆயிலில் கலந்தாலும் இதே வெண்மைதான் தோன்றும். சென்ற ஆண்டு, ஒரே ஒரு லாரியை வைத்துப் பிழைக்கும் ராயக்கோட்டை ஓட்டுநர் ஒருவர் மூடியைக் கண்டு அஞ்சி ஒரு பட்டறைக்குப் போனார். ‘ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது’ என்று அவரே சொன்னார். அவர்களும் அதையே திருப்பிச் சொல்லி ஹெட்டைக் கழற்றிவிட்டார்கள். கேஸ்கட்டில் ஒரு பழுதும் இல்லை. கழற்றி மாட்டிய கூலியும், அந்த வாரத்துத் தக்காளி நடைகளும் அவருக்கு நட்டம். தான் கண்டதைச் சொல்ல அவரிடம் ஒரு சொல் இல்லாததால், காரணத்தைச் சொல்லும் தொடர் ஒன்றை எடுத்து வைத்துவிட்டார் என்றே நான் கருதுகிறேன்.

இப்படி நீரும் ஆயிலும் நுண்துளிகளாகக் கலந்ததற்கு உரிய ஆங்கிலச் சொல்லை எடுத்து எமல்ஷன் என்று எழுதினால் இங்கே எல்லாரும் சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டை நினைப்பார்கள். கசடு என்பது ஆயில் கெட்டுக் கறுத்துத் தடித்துப் போவதற்கு உரிய சொல், இதற்கு ஆகாது. எமல்ஷனுக்குப் பாடநூலில் உள்ள பால்மம் பொதுச்சொல். எங்கே, எப்படி என்பதை அது காட்டாது. ‘பால்படிவு’ என்று எழுதலாம் என்பது என் எண்ணம். குறைகளைச் சொல்லுங்கள்.

தருமபுரியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

தம்பியின் மடலைப் படித்தேன். பால்படிவா, பாற்படிவா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். வல்லினம் வந்தால் லகரம் வேற்றுமையில் றகரமாகத் திரியும் என்றும், அல்வழியில் திரிந்தும் திரியாமலும் வரும் என்றும் நன்னூல் விதிக்கிறது. பாலினது படிவு என்றால் பாற்படிவு. அது பால் காய்ச்சிய பாத்திரத்தில் தங்குவது. பால் போன்ற படிவு என்றால் உவமைத்தொகை. உவமைத்தொகை அல்வழியைச் சேர்ந்தது. ஆகவே பால்படிவு என்று இயல்பாக எழுதுவதில் பிழையில்லை. இங்கே புணர்ச்சியே பொருளைப் பிரித்துக் காட்டுகிறது என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

என் தடை வேறு. படிதல் என்பது கீழே தாழ்ந்து தங்குதல். வண்டல் படியும், தூசி படியும். மூடியின் அடிப்புறத்தில் தொங்கலாக ஒட்டியிருப்பதைப் படிவு என்பது எப்படிப் பொருந்தும்? நம் வீடுகளில் இதற்கு உருவத்தால் மிக நெருங்கிய சொல் ஒன்று இருக்கிறது: ஏடு. பாலின் மேலும் தயிரின் மேலும் திரளும் மெல்லிய தோல் ஏடு, பனையோலையும் ஏடு, பூவின் இதழும் ஏடு. மெல்லியதாய்ப் பரந்திருப்பது என்ற ஒரே கருத்திலிருந்து கிளைத்த பொருள்கள் இவை. எனவே ‘பாலேடு’ என்றோ ‘மூடிப் பாலேடு’ என்றோ சொல்லுங்கள். எமல்ஷன் என்ற சொல்லின் வேரும் பால் கறத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினைதான் என்பதால், பாலை நாம் விடவேண்டியதில்லை.

மற்றொன்று, கையேடு முழுவதும் ஆயில் என்றே ஏன் எழுத வேண்டும்? எண்ணெய் என்று எழுதலாமே. எள்ளும் நெய்யும் சேர்ந்து எண்ணெய் ஆன பிறகும் கடலை எண்ணெய் என்றும் மண்ணெண்ணெய் என்றும் வழங்கத்தானே செய்கிறோம்?

தேன்கனிக்கோட்டையிலிருந்து, பட்டறை நடத்துபவர்:

ஆசிரியர் அம்மாவுக்கு வணக்கம். எண்ணெய் என்று எழுதினால் என் பட்டறைக்கு வரும் ஓட்டுநர், எஞ்சின் ஆயிலா, கியர் ஆயிலா, டீசலா என்று கேட்பார். அதை மாற்ற வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பாலேட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாலில் ஏடு கட்டுவது சூட்டினால். மூடியில் இது கட்டுவது குளிரினால். சூடேறினால் பாலில் ஏடு தடிக்கும், மூடியில் இது மறையும். பெயரைக் கேட்டவுடன் ஓட்டுநர் மனத்தில் நேர்மாறான எண்ணம் விழுந்துவிடும். பால் என்ற சொல்லில் எனக்கு மறுப்பில்லை. என்னிடம் வேலை செய்பவர்களில் தெலுங்கு பேசுபவரும் கன்னடம் பேசுபவரும் உண்டு, ஒருவருக்கு அது பாலு, மற்றவருக்கு ஹாலு, சொன்னவுடன் புரியும்.

ஆனாலும் எனக்கு முதலில் தோன்றுவது ‘வேர்வை’தான். சோற்றுப்பானையின் தட்டை எடுத்தால் அடியில் நீர் துளிர்த்திருப்பதை வேர்த்திருக்கிறது என்கிறோம். ஆயில் மூடியிலும் நடப்பது அதுவே. ‘மூடி வேர்வை’ என்று சொன்னால் ஓட்டுநர் அஞ்ச மாட்டார். துணியால் துடைத்துவிட்டு வண்டியை எடுப்பார்.

தமிழாசிரியை:

வேர்வை நல்ல சொல், ஐயா. வியர், வெயர், வேர் என்று அது மருவிவந்த வழி தெளிவாக இருக்கிறது. நெற்றி வியர்ப்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைவியின் மெய்ப்பாடுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. உள்ளே நிகழ்வது புறத்தே தோன்றுவதுதான் மெய்ப்பாடு என்று கொண்டால், எஞ்சினின் உள்நிலையை மூடி காட்டுவதற்கு அது பொருத்தமே. ஆனால் வேர்வை தெளிந்த நீர். வெண்மை அதில் எங்கே இருக்கிறது? சூட்டைப் பற்றி நீங்கள் சொன்னதற்கும் விடை உண்டு: பெயர் பெரும்பாலும் வடிவம் பற்றி வருவது, காரணம் பற்றியே வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பயிற்றுநர்:

இருவருக்கும் நன்றி. நேற்று இரவு இதே எண்ணமாக இருந்தேன். வேர்வை என்ற சொல் மனத்துக்கு மிக நெருக்கமாக இருக்கிறது. ஆயினும் அதை முதற்பெயராக வைக்க என் மனம் ஒப்பவில்லை. ‘தண்ணீர் கலந்துவிட்டது’ என்ற தொடர் நல்ல எஞ்சினைக் குற்றவாளியாக்கியது. ‘வேர்வை’ என்ற பெயர் பழுதான எஞ்சினைக் குற்றமற்றது என்று சொல்லிவிடும். கூலண்ட் உண்மையிலேயே கசிந்துகொண்டிருக்கும் வண்டியை, வேர்வைதானே என்று துடைத்துவிட்டு ஒருவர் சுமையேற்றி ஓட்டினால், பேரிங் தேய்ந்து, பழுது கிராங்க் தண்டு வரை போய்விடும். மூடியைத் திறந்தவுடன் சொல்லும் சொல் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். காரணம் பார்த்த பிறகுதான் தெரியும்.

ஆகவே சொற்களை இரண்டு படியாக வைத்துப் பத்தியை எழுதியிருக்கிறேன்: ‘ஆயில் மூடியின் உட்புறத்தில் பால்படிவு தெரிந்தால், வண்டியை எடுப்பதற்கு முன் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) இழுத்துப் பாருங்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போதே கூலண்ட் அளவையும் பாருங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்து, கூலண்டும் குறையாமல் இருந்தால் அது வேர்வை. மூடியைத் துடைத்து, எஞ்சின் நன்றாகச் சூடேறும்படி ஒரு நீண்ட நடை ஓட்டி, மறுநாளும் பாருங்கள். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் வெளுத்திருந்தாலோ கூலண்ட் குறைந்துகொண்டே போனாலோ அது கசிவாக இருக்கலாம். எஞ்சினை இயக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள்.’ பால்படிவு காண்பது, வேர்வையும் கசிவும் முடிவு. பட்டறை ஐயாவின் சொல் இப்படி உள்ளே வந்துவிட்டது.

பட்டறை நடத்துபவர்:

இது எனக்குச் சம்மதம். ஐயம் இருந்தால் டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு துளி ஆயிலைச் சுடவைத்த இரும்புத் தகட்டில் விட்டுப் பார்க்கலாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். நீர் கலந்திருந்தால் ஈரக் கடுகைத் தாளித்ததுபோல் படபடவென்று வெடிக்கும். ‘இருக்கலாம்’ என்று நீங்கள் எழுதியதைத் திருத்தத்தில் யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் ஆயில் கூலரைச் சோதிக்க வேண்டும் என்று சொல்ல அந்த ஒரு சொல்தான் இடம் கொடுக்கிறது.

தமிழாசிரியை:

மற்றவர்களும் பால்படிவையே ஏற்றிருப்பதால் நான் திங்கட்கிழமையைத் தடுக்கப்போவதில்லை. ஆனால் கூரையில் ஒட்டியதைப் படிவு என்பதற்கு என் உடன்பாடு இல்லை என்பது பதிவில் இருக்கட்டும். இரண்டாம் பதிப்பு வரும்போது ஏட்டை மீண்டும் எடுத்துக்கொண்டு வருவேன். என்னிடம் படித்த இருவர் தருமபுரிக்கும் ஓசூருக்கும் இடையே லாரி ஓட்டுகிறார்கள். தைப்பனி முடிவதற்குள் அவர்களிடம் இரண்டு சொற்களையும் சொல்லி, எது அவர்கள் நாவில் நிற்கிறது என்று கேட்டு எழுதுகிறேன்.